வரி நானூற்றுப் பன்னிரண்டு

ஓலு நகரத்தில் நவம்பர்.
பிற்பகல் மூன்று மணிக்கே சன்னலில் என் முகம்தான் தெரிகிறது.
இரண்டாவது மாடியில்
பதினோரு பேர் பனி ஹாக்கி செய்துகொண்டிருக்கிறோம்,
பனியில்லாமல்.

ஸ்கேட்டின் கத்தி தரையைக் கீறும் ஓசைக்காகக்
கயானி அரங்கில் நான்கு இரவு மைக் பிடித்தோம்.
ஆட்டம் முற்ற முற்றத் தரை சொரசொரக்கும்,
வட்டு கொஞ்சம் துள்ளும். அது இருக்கிறது.
கண்ணாடித் தடுப்பில் மூச்சின் படலம்,
மூன்று நாள் தாடி,
உடைந்த முன்பல்லின் சரிவு.
மெய்போல, மெய்போல என்று
ஆறு வருடம் இழைத்ததில்
கையில் மிஞ்சியது ‘போல’.

வரி நானூற்றுப் பன்னிரண்டு நான் எழுதியது.
இரண்டு கோல் பின்தங்கிய அணிக்கு
நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல் கூர்மை.
முந்தியவர்களின் மட்டையில்
வட்டு ஒரு நூலிழை அதிகம் நழுவும்.
பள்ளிக்கூட இயற்பியலில் உந்தம் என்றால்
நிறையை வேகத்தால் பெருக்க வேண்டும்.
இங்கே நிறையுமில்லை, வேகமுமில்லை,
ஏழுதான்.
இருந்தும் உந்தம் என்றே பெயர் வைத்தோம்.

ஒருவருக்கும் தெரியாது என்றிருந்தேன்.
கட்டைவிரல்களுக்குத் தெரிந்திருந்தது.
கெமியிலிருந்து ஒருவன் எழுதினான்:
“மூன்று பூச்சியம் என்று நான் முன்னால் போகும்போதெல்லாம்
யாரோ பின்னாலிருந்து என் ஆட்களின் சட்டையைப் பிடிக்கிறார்கள்.
கையை எடுக்கச் சொல்லுங்கள்.”

அந்தச் சனிக்கிழமை
ஊர் அரங்கில் கடைசிப் பிரிவு ஆட்டம் பார்க்கப் போனேன்.
நாற்பது பேர் இருந்தால் அதிகம். காகிதக் கோப்பையில் காபி.
பதினோரு நிமிடம் பாக்கி, நான்கு பூச்சியம்.
இப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.
தோற்கிற பெஞ்சில் ஒருவன்
மட்டையால் தடுப்பை இரண்டு முறை தட்டினான்,
மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டான்.
வரவில்லை.
ஐந்தாவது கோல்
யாருடைய பின்புறத்திலோ பட்டு உள்ளே உருண்டது.

கோல்கீப்பர், முதுகில் ஹூஸ்கொனென் என்று பெயர்,
கவசத்தை நெற்றிக்கு ஏற்றினான்.
வலைமேல் இருந்த பாட்டிலை எடுத்தான்,
முகத்தில் பீய்ச்சினான், குடித்தான்,
எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தான்,
லேபிள் எங்கள் பக்கம் பார்க்கும்படி.
அதற்குள் சாமான் பையன்
பைகளின் ஜிப்பை இழுக்கத் தொடங்கியிருந்தான்.

திங்கட்கிழமை ஏழு இருந்த இடத்தில் பூச்சியம் போட்டேன்.
சோதனை அறையில் யல்மாரியும் சனெல்மாவும்
முப்பத்தெட்டு ஆட்டம் ஆடினார்கள்.
“சரியாக இருக்கிறது,” என்றான் யல்மாரி,
“செத்த மீன் சரியாக இருப்பதுபோல.”
சனெல்மா நான்கு பூச்சியத்தில்
கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு
சிகரெட் பிடிக்கப் போனாள்.
திரையில் அவளுடைய ஐந்து பேர்
கட்டளைக்காக மெதுவாக வட்டமடித்தார்கள்.
அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

யோசித்தால், இரவு எட்டு மணிக்கு
சோபாவில் வந்து விழுகிறவன்
உண்மையைத் தேடியா வருகிறான்?
அங்கிருந்துதானே வருகிறான்,
பகல் முழுக்க எங்கோ
நான்கு பூச்சியத்தில் பின்தங்கிவிட்டு.

ஐந்து போட்டேன், அழித்தேன்.
மூன்று. பிறகு நான்கு.
நான்கில் நிற்கிறது.
கெமிக்காரனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

ஆனால் யாரும் கேட்காத ஒன்றைச் சேர்த்தேன்.
ஐந்தாவது கோல் விழுந்ததும்
கோல்கீப்பர் கவசத்தை ஏற்றுவான்,
பீய்ச்சுவான், குடிப்பான், பாட்டிலை வைப்பான்.
நான்கு நொடி.
எந்தப் பொத்தானை அமுக்கினாலும் தாண்டாது.

வெளியான ஒன்பதாம் நாள் முதல் புகார்:
தண்ணீர் குடிக்கிற இடத்தைத் தள்ளிவிட வழியில்லையா?
பரிசீலிக்கிறோம் என்று பதில் அனுப்பினேன்.
பரிசீலிக்கவில்லை.